பொலீன் வியார்தோவின் இழப்புக் கடிதங்கள்

பொலீன் வியார்தோ (1821–1910) பாரிசில் பிறந்த ஸ்பானிய வம்சாவளி ஆப்பெரா பாடகி, இசையமைப்பாளர். கணவரையும் உறவாகவே கருதிய நண்பர்களையும் இழந்த காலங்களில் அவர் எழுதிய கடிதங்கள் அவரது வாழ்க்கை வரலாற்றுக்கு முக்கியச் சான்றுகள்.

கார்சியா குடும்பத்தில் பாட்டு குலத்தொழில். தந்தை மனுவேல் கார்சியா 1832இல் இறந்தபோது பொலீனுக்குப் 11 வயது நிரம்பவில்லை. ஐரோப்பாவே கொண்டாடிய அக்கா மரியா மலிப்ரான், குதிரையிலிருந்து விழுந்த காயத்தை மறைத்துக்கொண்டு மேடையேறி, 1836 செப்டம்பர் 23 அன்று மான்செஸ்டரில் 28 வயதில் இறந்தார். மூன்று ஆண்டுகளுக்குப் பின் லண்டனில் ரொசீனியின் 'ஒத்தெல்லோ'வில் தெஸ்திமோனாவாகத் தங்கை அறிமுகமானார். அது மலிப்ரானுக்குப் புகழ் தந்த வேடம்.

1840இல் லூயி வியார்தோவை மணந்த பின் பொலீனின் கடிதத் தொடர்புகள் பல நாடுகளுக்கு விரிந்தன. அவற்றுள் எழுத்தாளர் ஜார்ஜ் சாண்டுக்கு எழுதியவை தனிச் சிறப்புடையவை. சாண்டும் அவருடைய காதலரான இசையமைப்பாளர் ஷோப்பேனும் 1847இல் பிரிந்த பிறகும் பொலீன் இருவருக்கும் வேண்டியவராகவே இருந்தார். 1849 அக்டோபரில் ஷோப்பேன் இறந்த செய்தி, இரங்கல் வழிபாட்டில் பாடக் கேட்டு வந்த முன்பின் தெரியாதவர்கள் வாயிலாகவே தமக்குக் கிடைத்ததாக அவர் சாண்டுக்கு எழுதினார். சாவறையில் சீமாட்டிகள் மயங்கி விழுவதை ஒரு சடங்காக்கிக்கொண்டார்களாம். ஓவியர்கள் படம் வரைந்தார்களாம். புகைப்படக்காரர் ஒருவர், உயிர் பிரியவிருந்தவர்மேல் வெயில் படட்டும் என்று கட்டிலை ஜன்னலருகே நகர்த்தப் பார்க்க, சீடர் குட்மன் எல்லாரையும் வெளியே துரத்தினாராம். கேள்விப்பட்டுச் சொன்னதுதான் என்றாலும் கோபம் பொலீனுடையது. அதே மாதம் 30ஆம் தேதி, மதலேன் தேவாலயத்தில் மோட்சார்ட்டின் இரங்கல் இசையைக் கறுப்புத் திரைக்குப் பின்னால் நின்று பாடினார்.

1858 ஜூனில் ஓவியர் ஆரி ஷெஃபர் இறந்தார். தந்தை இல்லாத வீட்டில் தந்தைபோல் இருந்தவர். அந்தத் துக்கத்தைப் பகிர்ந்துகொள்ள, ஜெர்மானிய இசை நடத்துநர் யூலியஸ் ரீட்ஸ் கிடைத்தார். அவருக்கு எழுதிய கடிதங்களில் இறந்தவரைப் பற்றிய பேச்சு தன்னைப் பற்றிய ஒப்புதலாகவும் மாறியது. லூயியின் ஆழ்ந்த அன்புக்கு அதே அளவில் ஈடுகொடுக்க முடியவில்லை என்றும், தடுமாறிய வேளையில் தன்னைக் காத்தவர் ஷெஃபரே என்றும் எழுதினார். நேரில் எவரிடமும் எளிதில் சொல்ல முடியாதது இது.

மிகக் கடுமையான ஆண்டு 1883. மே 5 அன்று லூயி இறந்தார். அப்போது தண்டுவடப் புற்றுநோயால் படுத்திருந்தார் ரஷ்ய எழுத்தாளர் துர்கேனிவ். நாற்பது ஆண்டுகளாக அந்தக் குடும்பத்தோடு ஒட்டியே வாழ்ந்தவர். நான்கு மாதங்களுக்குள், செப்டம்பர் 3 அன்று, பூழிவால் கிராமத்தில் அவரும் போனார். பெர்லினில் இருந்த நண்பர் லுட்விக் பீட்ச்சுக்கு பொலீன் எழுதிய கடிதம் அந்த இறுதி நாட்களை மருத்துவக் குறிப்புபோல வரிசையாகச் சொல்கிறது: இரண்டு நாள் முன்பே நினைவு தப்பியது, வேதனை அடங்கியது, உயிர் மெல்ல ஒடுங்கியது. இறந்த முதல் நாள் புருவங்களுக்கு இடையே ஆழமான ஒரு மடிப்பு இருந்தது. மறுநாள் அது மறைந்து, பழைய கனிவு முகத்தில் திரும்பியது. பல நாள் உடனிருந்து பார்த்த கண்ணுக்குத்தான் அந்த மடிப்பு தெரியும்.

ரீட்ஸுக்கு எழுதியவை 1915 முதல் நியூயார்க்கின் 'மியூசிக்கல் குவார்ட்டர்லி' இதழில் ஆங்கில மொழிபெயர்ப்பாக வெளிவந்தன. சாண்டுடனான கடிதங்களை 1839 முதல் 1849 வரையிலான காலத்துக்குத் தெரேஸ் மாரிக்ஸ்-ஸ்பீர் தொகுத்து 1959இல் பதிப்பித்தார்.