குயவரும் தச்சரும் கப்பலேறிய கதை

ஜெர்மனியின் டியூசல்டார்ஃப் நகர ஓவியக்கூடத்தில், 1719-ல் ஓர் இளம் பிரபு முள்முடி சூடிய இயேசுவின் படத்துக்கு முன் நின்றார். இத்தாலிய ஓவியர் டொமெனிகோ ஃபெட்டி வரைந்த படம் அது. உனக்காக இத்தனை பாடுபட்டேனே, நீ எனக்காக என்ன செய்கிறாய் என்ற பொருளில் அடியில் ஒரு லத்தீன் வாசகம்.

அந்தக் கேள்வி நிக்கோலஸ் வான் சின்சென்டார்ஃப் பிரபுவின் நெஞ்சில் தைத்தது. ஹாலே நகரில் படித்த காலத்திலேயே தரங்கம்பாடி மிஷன் செய்திகளைக் கேட்டு வளர்ந்தவர் அவர். நரகத்துக்குப் பயந்தும் மோட்சத்தைச் சம்பாதிக்கவும் கீழ்ப்படிந்து பயனில்லை. சிலுவையில் முந்திக்கொண்ட அன்புக்கு நன்றியாகவே கீழ்ப்படிதல் பிறக்க வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் போதித்தார்.

போதனைக்குச் சோதனை வீட்டு வாசலிலேயே வந்தது. மதத் துன்புறுத்தலுக்குத் தப்பி மொரேவியாவிலிருந்து வந்தவர்கள் 1722 முதல் அவருடைய நிலத்தில் ஹெர்ன்ஹூட் என்ற ஊரை அமைத்தார்கள். வந்தவர்களுக்குள் ஓயாத சண்டை. பிரபு வீடு வீடாகப் போய்ச் சமாதானம் பேசினார். 1727 ஆகஸ்ட் 13 அன்று திருவிருந்தில் அவர்கள் ஒருமனப்பட்டார்கள். அதே மாதம் தொடங்கிய இடைவிடாத ஜெபச் சங்கிலி நூறாண்டுக்கு மேல் நீடித்தது. 1728 முதல் தினமும் ஒரு வசனம் வீடு வீடாகச் சொல்லப்பட்டது.

1731-ல் கோபன்ஹேகனில் சின்சென்டார்ஃப் ஆன்டன் என்பவரைச் சந்தித்தார். டென்மார்க்கின் ஆட்சியிலிருந்த கரீபியத் தீவான செயின்ட் தாமஸிலிருந்து வந்த அடிமை அவர். அங்கே தன் சகோதரி இயேசுவை அறிய ஏங்குவதாக ஆன்டன் சொன்ன செய்தி ஹெர்ன்ஹூட்டை எட்டியதும், லியோன்ஹார்ட் டோபர் என்ற குயவருக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. சபை சீட்டுப் போட்டுப் பார்த்தே அவருக்கு விடை கொடுத்தது. 1732 ஆகஸ்ட் 21 அன்று டோபரும் தச்சர் டேவிட் நிட்ச்மானும் புறப்பட்டு, டிசம்பரில் தீவை அடைந்தார்கள்.

இருவரும் தங்களையே அடிமைகளாக விற்றுக்கொண்டதாகப் பிரசங்கங்களில் சொல்லப்படும் கதை உண்மையல்ல. அதற்கும் டோபர் தயாராக இருந்தார் என்பது உண்மை. தச்சு வேலை சோறு போட்டது. தீவின் களிமண்ணோ பானை வனையத் தோதாக இல்லை. பிழைப்பு தடுமாறியும் டோபர் 1734 வரை அங்கேயே இருந்து, அடிமைகளைத் தேடிப்போய்ப் பேசினார்.

இந்த வரலாற்றில் வேதனையான பக்கமும் உண்டு. சில ஆண்டுகளிலேயே செயின்ட் தாமஸ் மிஷன் தோட்டம் வாங்கி, அடிமைகளையும் வைத்துக்கொண்டது. எல்லாருக்குமான அன்பைச் சொன்னவர்கள், அந்த அன்பு தங்களிடம் கேட்ட கீழ்ப்படிதலில் பாதி வழியிலேயே நின்றுவிட்டார்கள். 1848-ல் அடிமைகள் கிளர்ந்தெழுந்த பிறகே டேனிஷ் தீவுகளில் விடுதலை வந்தது.

மொரேவியர்கள் எனப்பட்ட ஹெர்ன்ஹூட் சபையார் 1760-ல் தரங்கம்பாடிக்கும் வந்தார்கள். பொறையாறு அருகே அவர்கள் குடியிருந்த இடம் ‘சகோதரர் தோட்டம்’ எனப்பட்டது. அவர்களுடைய இலக்கு நிக்கோபார் தீவுகள். 1768-ல் அங்கே குடியேறியவர்களைக் காய்ச்சல் ஒவ்வொருவராகக் கொண்டுபோனது. சொல்லிக்கொள்ளும்படி பலன் எதுவும் தெரியவில்லை. ஆனாலும் இறந்தவர்களின் இடத்துக்கு ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். 1787-ல் மிஷன் கைவிடப்படும்வரை அந்த வரவு நிற்கவில்லை.