தெவி என்றொரு காகிதம்

போன மாதம் எங்கள் வீட்டு ஏ.சி. குளிரவில்லை. போன் செய்ததும் ஒரு பையன் வந்தான். மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "கேஸ் போயிடுச்சு சார், மூவாயிரம் ஆகும்" என்றான். கேஸுக்கு எவ்வளவு, கூலி எவ்வளவு என்று கேட்டேன். "எல்லாம் சேர்த்துத்தான் சார்." பில் கேட்டேன். "பில் வேணும்னா வரி தனி." வெயில் காலம்; மறுபேச்சில்லாமல் கொடுத்தேன்.

அவன் போன பிறகு, பள்ளியில் படித்த ஒரு பிரெஞ்சுச் சொல் ஞாபகத்துக்கு வந்தது: தெவி. வேலையைத் தொடங்கும் முன், என்ன செய்யப்போகிறோம், என்ன விலை என்று தொழில் செய்பவர் எழுதிக் கொடுக்கும் மதிப்பீடு. "கொத்தனாரிடம் தெவி கேட்டால், எந்தக் கோயில் தேவி என்பார்" என்று அப்பா சிரிப்பார்.

அது பழைய சொல். நெப்போலியன் காலத்தில், 1804இல் வந்த பிரெஞ்சு சிவில் சட்டத்தில் தெவிக்கும் கட்டட ஒப்பந்தங்களுக்கும் தனிப் பகுதியே உண்டு. அந்தச் சட்டம் 1819இல் புதுச்சேரிக்கும் வந்தது. அதன் 1793ஆம் பிரிவு இப்படிச் சொல்கிறது: நிலத்தின் உரிமையாளரோடு பேசி முடித்த வரைபடப்படி, மொத்தமாக ஒரு விலைக்குக் கட்டடம் கட்ட ஒப்புக்கொண்டவர், கூலி ஏறிவிட்டது, சாமான் விலை ஏறிவிட்டது என்று பிறகு கூடுதல் கேட்க முடியாது. வரைபடத்துக்கு மேல் வேலை செய்திருந்தாலும், உரிமையாளர் அதை எழுத்தில் அனுமதித்து விலையும் பேசியிருந்தால்தான் பணம். இது உரிமையாளருக்குப் பாதுகாப்பு. 1798ஆம் பிரிவு கூலியாட்களுக்கு. மேஸ்திரி கூலி தராவிட்டால், அவருக்கு உரிமையாளர் தரவேண்டிய பாக்கி அளவுக்குக் கொத்தனாரும் தச்சரும் உரிமையாளரிடமே நேராகக் கேட்கலாம்.

இந்த இரண்டில் எனக்குப் பிடித்தது முதலாவதுதான். அதனால் ஒரு தப்புச் செய்தேன்.

1979இல் எங்கள் வீட்டு மெட்ராஸ் டெரஸ் ஒழுகியது. நான் அப்போது இளம் குமாஸ்தா. வயதான கொத்தனார் ஒருவரிடம் 400 ரூபாய்க்குப் பேசினோம். தளத்தைப் பிரித்தபோது உள்ளே இரண்டு மரங்கள் கரையான் அரித்துக் கிடந்தன. "மாத்திடட்டுமா தம்பி?" என்றார். "மாத்துங்க" என்றேன். நாலு நாள் கூடுதல் வேலை. கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரில் சுண்ணாம்பு குழைத்து, தட்டித் தட்டித் தளம் போட்டார். கடைசி நாள், மேலே 60 ரூபாய் கேட்டார்.

பேசியது நானூறு, அதற்கு மேல் எழுத்தில் எதுவும் இல்லை என்றேன். 1793ஆம் பிரிவைக்கூடச் சொன்னேன். அது புதுக் கட்டடத்துக்கான விதி, ஒழுகும் கூரைக்கு அல்ல. தவிரவும் அதற்குள் இந்திய ஒப்பந்தச் சட்டம் இங்கே வந்துவிட்டது. இரண்டும் எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. நானூறை எண்ணி வாங்கிக்கொண்டு, கரணையைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அன்று இரவு அப்பா என்னோடு பேசவில்லை.

பிரான்சில் வீட்டு ரிப்பேர்க்காரர்களுக்கென்றே 1990இல் ஓர் அரசு ஆணை வந்தது. 2017இல் அதைப் புதுப்பித்தார்கள். மணிக்கு என்ன கூலி, வந்துபோக என்ன செலவு, தெவிக்குக் காசு உண்டா இல்லையா என்பதை வேலைக்கு முன்பே வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும். நம் நாட்டில் 1986ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் சேவையும் அடங்கியிருந்தது. 2019ஆம் ஆண்டுச் சட்டமோ, பில் தராததையே முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. ஆகவே ஏ.சி. பையனிடம் நான் பில் கேட்டது சரிதான். "வரி தனி" என்றதும் வாயை மூடிக்கொண்டதுதான் தவறு.

ஆனால் அவனைக் குறை சொல்லும்போதெல்லாம் கொத்தனார் கண்முன் வருகிறார். அவன் விலையைப் பிரித்துச் சொல்லாமல் மறைத்தான். நான் வாயால் சொன்ன சொல்லைக் காகிதத்தில் இல்லை என்று மறைத்தேன். அன்றைக்கு ஒரு துண்டுச் சீட்டில் "மரம் இரண்டு, நாலு நாள் கூலி, 60 ரூபாய்" என்று எழுதியிருந்தால் அவருக்குக் காசு கிடைத்திருக்கும். எனக்கும் இந்த உறுத்தல் இருந்திருக்காது. இப்போது குழாய் ரிப்பேருக்கு ஆள் வந்தாலும் நானே ஒரு தாளை எடுத்து, அவர் சொல்லச் சொல்ல எழுதி இருவரும் கையெழுத்துப் போடுகிறோம். வீட்டில் சிரிக்கிறார்கள்.

அந்தத் தளம் இன்றுவரை ஒழுகவில்லை. அவர் மட்டும் அதன்பின் எங்கள் தெருப்பக்கம் வரவேயில்லை.