நீதிமன்று தந்தவரும் நீதி கேட்டவரும்



ஒரே நாட்டைப் பற்றி, ஒரே காலத்தைப் பற்றி இருவர் எழுதிய இரு தன்வரலாற்று நூல்கள் உள்ளன. ஒன்று 1960இல் இலண்டனில் வெளிவந்தது. எழுதியவர் பாரசீக வளைகுடாவில் உள்ள பஹ்ரெய்ன் தீவில் முப்பத்தோராண்டு ஆலோசகராக இருந்த சார்ள்ஸ் பெல்கிறேவ். மற்றது 1965இல் பெய்ரூத்தில் அரபு மொழியில் வெளிவந்தது. எழுதியவர் அப்துல் ரஹ்மான் அல்பாக்கிர். முன்னவர் அத்தீவின் நீதிமன்றுகளை அமைத்தவர்களுள் ஒருவர். பின்னவர் அத்தீவில் விசாரிக்கப்பட்டுப் பதினான்காண்டுத் தண்டனை பெற்றவர். இவ்விரு நூல்களுக்கும் இடையே கிடக்கும் வரலாற்றையே இன்று நோக்கவிருக்கிறோம்.

பஹ்ரெய்ன் 1880, 1892ஆம் ஆண்டுகளின் உடன்படிக்கைகளால் பிரித்தானியாவின் பாதுகாப்புக்குள் வந்த சிறு ஷேக் நாடு. 1869 முதல் ஆண்ட ஷேக் ஈசா பின் அலியின் காலத்தில், நாம் இன்று கருதும் பொருளில் நீதிமன்று அங்கே இருக்கவில்லை. சமய வழக்குகளைக் காழிமார் தீர்த்தனர். வணிகர் பிணக்குகளை வணிகர் சபை தீர்த்தது. கிராமங்களிலோ, அவ்வவ் ஊரைத் தமது பங்காகப் பெற்றிருந்த ஷேக்மார் வைத்ததே சட்டம். அவர்களின் ஆயுதந்தாங்கிய ஏவலாளரே பிடித்தனர், அடித்தனர், தண்டம் அறவிட்டனர். இதன் பாரம் முழுவதும் பஹார்னா எனப்படும் ஷியா உழவர்களின் தோள்மீது விழுந்தது. தலைவரி கொடுத்தவர்கள் அவர்கள். கட்டாய ஊழியம் செய்தவர்களும் அவர்களே.

முத்துக்குளிப்போர் நிலை வேறுவகைத் துயரம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எமது மன்னார்க் குடாவின் முத்துக்குளிப்புக்கு வளைகுடாவிலிருந்து அரபுச் சுழியோடிகளும் வந்து போயினர். மாரிச்சுக்கட்டிக் கரை கண்ட அந்த மனிதரின் சொந்தக் கடலில் நிகழ்ந்தது இது: பருவம் தொடங்குமுன் படகுத் தலைவனாகிய 'நகுதா' முற்பணம் கொடுப்பான். கணக்கு எழுதுபவனும் அவனே. எழுத்தறியாத சுழியோடிக்குத் தன் கடன் எவ்வளவு என்பது நகுதா சொல்லித்தான் தெரியும். தந்தை இறந்தால் கடன் மகன் தலையில் விழும். மகனும் அதே படகில் மூழ்குவான். முறையிட 'சாலிஃபா' எனும் வழக்காற்று மன்று இருந்தது. ஆனால் அங்கே நீதி சொல்லியோர் முத்துத் தொழிலின் பெரியோரே. கடன் கொடுத்தவன் இனத்தாரிடம் கடன்பட்டவன் நீதி கேட்பது எங்ஙனம்?

1919இல் நடைமுறைக்கு வந்த பிரித்தானிய ஆணையொன்று, தீவில் வாழ்ந்த வெளிநாட்டாரைப் பிரித்தானிய அதிகாரியின் மன்றுக்குள் கொணர்ந்தது. அங்கே இந்தியச் சட்டக் கோவைகள் செல்லுபடியாயின. 1883இல் இலங்கைத் தண்டனைச் சட்டக் கோவைக்கு முன்மாதிரியாக அமைந்ததும் இந்தியத் தண்டனைச் சட்டக் கோவையே. ஆக, மனாமாக் கடைத்தெருவில் வாணிபம் செய்த பம்பாய் வணிகனுக்கு எழுதிய சட்டம் ஒன்று வாய்த்தது. அந்த மண்ணிலே பிறந்த சுழியோடிக்கு அது வாய்க்கவில்லை. இந்த முரண் மனத்திற் கொள்ளத்தக்கது.

1921இல் அரசியல் முகவராக வந்த மேஜர் டெய்லி இந்நிலையை மாற்ற முனைந்தார். மக்களும் வாளாவிருக்கவில்லை. பஹார்னா மக்கள் மனுக்கள் கொடுத்தனர். 1922இல் கைதான தம்மூரவன் ஒருவனை மீட்டுக் கிளர்ந்தனர், கடைத்தெரு மூடப்பட்டது. 1923 மே மாதம் பிரித்தானியர் முதிய ஷேக் ஈசாவை ஆட்சியிலிருந்து விலக்கி, மகன் ஹமதிடம் அதிகாரத்தை ஒப்படைக்கச் செய்தனர். கிராமங்களைத் தாக்கிய குற்றத்துக்காக ஆளும் குலத்தைச் சேர்ந்தோரும் விசாரணைக்கு நிறுத்தப்பட்டனர். ஒவ்வொரு சுழியோடிக்கும் கணக்குப் புத்தகம் கொடுக்கப்படவேண்டும், தந்தையின் கடன் மகனைச் சேராது என விதி வந்தது. இவை சிறிய காரியங்கள் அல்ல.

1925இல் இலண்டன் 'டைம்ஸ்' பத்திரிகையின் தனிப்பட்டோர் விளம்பரப் பத்தியில், கீழைத்தேயமொன்றில் பணிபுரிய இளைஞர் தேவை என்றொரு விளம்பரம் வந்தது. கேட்ட வயது இருபத்திரண்டு முதல் இருபத்தெட்டு. முப்பதைத் தொட்ட பெல்கிறேவ் விண்ணப்பித்தார். 1926இல் மனாமா வந்து சேர்ந்தார். அவ்விளம்பரப் பத்தியின் பெயரே பின்னாளில் அவரது நூலுக்கும் பெயராயிற்று.

வந்தவர் திறைசேரியைப் பொறுப்பேற்றார். பொலிஸ் படையை நடத்தினார். அரச குடும்பத்து ஷேக்குடன் அருகமர்ந்து வழக்கும் கேட்டார். சுன்னி, ஷியா ஆகிய இரு பிரிவினர்க்கும் ஷரீஆ மன்றுகள் அரசின் ஒழுங்குக்குள் வந்தன. அவர் உழைப்பாளி, கையூட்டு வாங்காதவர் என்பதை அவரை எதிர்த்தோரும் மறுக்க முடியாது. எனினும் பிடிப்பவரும் அவர், தீர்ப்பவரும் அவர், தண்டப்பணம் சேரும் பெட்டியின் திறப்பும் அவர் கையில் என்றால், குடிமகன் மேன்முறையிடுவது யாரிடம்? மன்று இருந்தது, மன்றை நடத்துவோரைக் கட்டுப்படுத்தும் எழுதிய சட்டம் இருக்கவில்லை. ஷேக்மாரின் தயவில் நின்ற நீதி, ஆலோசகரின் தயவில் நிற்கும் நீதியாயிற்று.

1932இல் சுழியோடிகளே கிளர்ந்தெழுந்தனர். முத்துச் சந்தை வீழ்ந்திருந்த வேளை, சீர்திருத்தம் முற்பணத்தைக் குறைத்தது. கடனிலிருந்து காக்க வந்த விதி அடுப்பை அணைத்துவிட்டது. அவர்களைக் கேட்டு அவ்விதி செய்யப்படவில்லை. அதே ஆண்டில்தான் தீவில் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டது.

1938இல் சட்டசபையும் நீதிமன்றுச் சீர்திருத்தமும் கேட்டு ஒரு குழு எழுந்தது. அதன் தலைவர்களுள் ஒருவரான சஅத் அல்ஷம்லான் இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார். பதினாறாண்டு கழிந்து, 1954இல், சுன்னிகளும் ஷியாக்களும் சமமாய் அமர்ந்த உயர் நிர்வாகக் குழு தோன்றியது. அது கேட்டவை நான்கு: தெரிவு செய்யப்பட்ட சட்டசபை, எழுதிய குடியியல் குற்றவியல் சட்டக் கோவை, தொழிற்சங்க உரிமை, மேன்முறையீட்டு உயர்மன்று. நான்கில் இரண்டு நீதி பற்றியவை என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். சீர்திருத்தத்தின் பள்ளியில் வளர்ந்த தலைமுறை, அச்சீர்திருத்தம் பாதியில் நின்ற இடத்தைச் சரியாகவே சுட்டிக்காட்டியது.

1956 நவம்பரில் சுயெஸ் போரையொட்டிக் கலவரம் மூண்டது. குழுவின் தலைவர்கள் கைதாயினர். டிசம்பரில் புதைய்யா என்ற கடலோர ஊரில் விசாரணை நடந்தது. மன்னரையும் ஆலோசகரையும் கொல்ல முயன்றனர் என்பது குற்றச்சாட்டுகளில் ஒன்று. நீதிபதிகள் மூவரும் மன்னரின் குலத்தினர். அல்பாக்கிர், அப்த் அலி அல்அலைவாத், அப்துல் அஸீஸ் அல்ஷம்லான் ஆகிய மூவருக்கும் பதினான்காண்டு. இவருள் கடைசியானவர், 1938இல் நாடுகடத்தப்பட்ட சஅத் அல்ஷம்லானின் மகன். தந்தைக்கு இந்தியா, மகனுக்கு, நெப்போலியன் சிறைவைக்கப்பட்ட அதே சென் ஹெலனாத் தீவு. கடன் மகனைச் சேராது என்று விதி செய்த நாட்டில், நாடுகடத்தல் மட்டும் மகனைச் சேர்ந்தது. அதனிலும் கொடியது: தீர்ப்புக்கு முன்னரே சென் ஹெலனாவில் அவர்களை வைத்திருக்க ஏற்பாடுகள் தொடங்கியிருந்தன.

1957இல் பெல்கிறேவ் தீவை விட்டு நீங்கினார். அவரது நூல் வெளிவந்தபோது அல்பாக்கிர் இன்னும் சென் ஹெலனாவிலேயே இருந்தார். ஆட்கொணர்வு மனு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று 1960இல் தோற்றது. மீண்டும் முயன்றனர். 1961இல் சென் ஹெலனா நீதிமன்று, அவர்களை அங்கே அனுப்பித் தடுத்துவைத்த முறை சட்டத்துக்கு ஒவ்வாதது எனக் கண்டு மூவரையும் விடுதலை செய்தது.

இங்கேதான் இக்கதையின் உட்பொருள் இருக்கிறது. அவர்களைச் சிறைவைத்ததும் பிரித்தானிய அதிகாரம். விடுவித்ததும் பிரித்தானிய நீதிமன்று. வேறுபாடு மனிதரின் நற்குணத்தில் இல்லை. சென் ஹெலனாவில் ஆட்சியாளரின் செயலையும் அளந்து பார்க்கும் எழுதிய சட்டம் இருந்தது. பஹ்ரெய்னில் அவர்கள் 1954இல் கேட்டதும் அதையே. கேட்ட பொருள் தம் நாட்டிற் கிடைக்காமல், அட்லாண்டிக் நடுவே ஒரு சிறைத்தீவில் அவர்களுக்குக் கிடைத்தது.

நல்லவர் ஒருவர் அமர்ந்து தீர்ப்புச் சொல்வது அருள். அவர் எழுந்து போனபின்னும் நிற்பதே நீதி.