ஜிலேபி மீன்

ஜிலேபிக் கெண்டை என்றும் பெயர். தென்கிழக்கு ஆப்பிரிக்க ஆறுகளைச் சேர்ந்த மொசாம்பிக் திலாப்பியா. உலகின் மோசமான 100 அயல் ஊடுருவி உயிரினங்களின் பட்டியலில் இதுவும் உண்டு. ஶ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதிக்கு அருகிலுள்ள செம்பரம்பாக்கம் ஏரியில் வலை வீசினால் கிடைக்கும் மீன்களில் ஒன்று.

மலிவான புரத உணவுக்காக 1952இல் மண்டபம் என்ற ஊருக்குக் கொண்டுவரப்பட்டது. 1959இல் இதைப் பரப்பத் தடை வந்தபோது காலம் கடந்துவிட்டது. அமராவதி அணையிலும் இதுவே பெருகியது.

பெருக்கத்துக்குக் காரணம் அதன் குஞ்சு வளர்ப்பு. ஆண் மீன் கரையோரச் சேற்றில் குழி பறிக்கும். பெண் முட்டைகளை வாய்க்குள் வைத்துப் பொரிக்கும். ஆபத்து வந்தால் குஞ்சுகள் மீண்டும் தாயின் வாய்க்குள் புகும். பிறந்த சில மாதங்களிலேயே சினைப்பிடிக்கும். நெரிசலான குளத்தில் உள்ளங்கை அளவைத் தாண்டாது. உப்புநீரையும் உயிர்வளி குறைந்த கழிவுநீரையும் தாங்குவதால், நாட்டுக் கெண்டைகள் தோற்கும் இடத்தில் இது நிலைக்கிறது.

சமைக்குமுன் செதிலைச் சுரண்டி, வயிற்றின் உட்புறக் கருந்தோலை உரித்து, கல்லுப்பும் மஞ்சளும் போட்டுத் தேய்த்தால் சேற்றுவாடை குறையும். வறுவலுக்கு ஏற்றது. உண்பதால் மட்டும் இதை ஒழிக்க முடியாது. ஆனால் ஏழை வீட்டுக் குழம்புக்கு இது தரும் ஊட்டத்தைக் குறைத்து மதிப்பிடுவது தவறு. ஆலைக்கழிவு கலக்கும் குட்டைகளில் பிடித்ததைத் தவிர்க்க வேண்டும்.

தாயகத்திலோ, நைல் திலாப்பியாவுடன் கலப்புற்று இம்மீன் அழிவாய்ப்புக்கு உள்ளாகியிருக்கிறது.