ஏனா டி சில்வா இல்லம்

ஏனா டி சில்வா இல்லம், இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா (1919–2003) வடிவமைத்து, கொழும்பின் கடலோரப் பகுதியான கொள்ளுப்பிட்டியில் 1962இல் கட்டி முடிக்கப்பட்ட நவீன வீடு. 2009இல் விற்கப்பட்ட பின் பிரித்தெடுக்கப்பட்டு, பெந்தோட்டையை அடுத்த லுனுகங்கவில் 2016இல் மீண்டும் எழுந்தது. இடம்பெயர்ந்த இதைப் பழைய வீடாகவே கொள்ள வேண்டும் என்பதற்கு அதன் தரைத்திட்டமே சான்று.

ஆங்கிலேயர் காலத்துக் கொழும்பு பங்களா மனையின் நடுவில் நிற்கும். சுற்றிலும் தோட்டம் இருக்கும். மனைகள் துண்டாகிச் சுருங்கியபோது அந்தத் தோட்டம் காற்றுக்கும் நிழலுக்கும் உதவாத இடுக்காக எஞ்சியது. பாவா கட்டடத்தை மதில்வரை தள்ளி, திறந்த வெளியை நடுவே கொண்டுவந்தார். பெரிய முற்றம், அதைச் சுற்றித் தாழ்வாரம், மேலே ஓட்டுக்கூரை. தெருவுக்குத் தெரிந்தது மதில்தான். யாழ்ப்பாணத்து நாற்சார் வீடும் தமிழ்நாட்டின் தொட்டிக்கட்டு வீடும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. மாத்தளை அலுவிகாரைக் குடும்பத்தில் பிறந்தவரும், முன்னாள் போலீஸ் மாஅதிபர் ஒஸ்மண்ட் டி சில்வாவின் மனைவியுமான ஏனா, பூர்வீக வீட்டின் அமைப்பும் நவீன வசதியும் சேர்ந்த வீட்டையே கேட்டார். இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகிய காலமாதலால் உள்ளூர்க் கல்லும் மரமும் ஓடுமே கைகொடுத்தன. இதை வைத்துப் பழமைக்குத் திரும்பிய வீடு என்று வகைப்படுத்துவோர் உண்டு. அது மேலோட்டமான பார்வை. சிறிய நகர மனையில் அறையும் முற்றமும் எல்லைக்கோடின்றி ஒன்றோடொன்று கலக்கும்படி இடத்தைப் பங்கிட்டது, லண்டனில் பயின்று 1957இல் தகுதி பெற்ற நவீனவாதியான பாவாவின் கணக்கு. அப்போது அவருடன் பணியாற்றிய டென்மார்க் கட்டடக் கலைஞர் உல்ரிக் பிளெஸ்னரின் துணையும் அக்காலப் பணிகளில் உண்டு. ஏனாவின் புகழ்பெற்ற பத்திக் துணிக்கலை தொடங்கியதும் இந்த வீட்டில்தான்.

நெரிசலான நகரத்துக்காக எழுதப்பட்ட விடையைத் தாராளமான தோட்டத்தில் வைத்தால் அதன் பொருள் போய்விடும் என்பது வலுவான ஆட்சேபம். கொழும்பு மனையின் நெருக்கடி லுனுகங்கவில் இல்லைதான். ஆனால் இவ்வீடு முதலிலிருந்தே வெளியுலகுக்கு முதுகைக் காட்டியது. அதன் காற்றும் ஒளியும் முற்றத்தின் வழியே வந்தவை. ஆகவே மதிலோடும் முற்றத்தோடும் பெயர்ந்தபோது இழந்தது சொற்பம். பழுதான பாகங்கள் மாற்றப்பட்டால் அது நகல்தானே என்பது அடுத்த ஆட்சேபம். இந்த வீட்டின் பாகங்கள் அளந்து, எண்ணிட்டு, பதிவு செய்யப்பட்ட பிறகே கழற்றப்பட்டன. அணைநீரில் மூழ்கவிருந்த எகிப்தின் அபு சிம்பெல் கோயில்களும் ஆந்திரத்தின் நாகார்ஜுனகொண்டாச் சின்னங்களும் இவ்வாறே இடம் மாறின. அவற்றை யாரும் நகல் என்பதில்லை. மாறாக, 1856இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்ட சென்னையின் ராயபுரம் நிலையம் நின்ற இடத்திலேயே 2005இல் செப்பனிடப்பட்டது. ஆயினும் பெருமுனையமாக இருந்த அதன் வாழ்வு சென்ட்ரலுக்கும் எழும்பூருக்கும் போய் நெடுங்காலமாகிறது. இடம் தங்கியது, பயன் தங்கவில்லை. ஒரு கட்டடம் பிழைத்ததா என்பதை மனை எண் மட்டும் தீர்மானிக்க முடியாது.

லுனுகங்க 1948இல் பாவா வாங்கி வாழ்நாள் முழுதும் செதுக்கிய தோட்டம் என்பதால் வீடு அந்நிய மண்ணுக்கும் போகவில்லை. தற்போது விருந்தினர் தங்கும் இல்லமாக இயங்குகிறது. கொழும்பில் இருந்த கதவிலக்கமான 5 என்பதே அதன் பெயர்.