கச்சான் காற்றும் கண்ணுறக்கமும்



உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றினையும் மனித வாழ்வுக்கு இன்றியமையாதன என்று வகுத்துக் கூறுவர். உறக்கத்தை அவ்வரிசையிற் சேர்ப்பதில்லை. அது தானே வருவதென்று எண்ணிவிடுகின்றோம். புத்தளக் கரையோரத்தில் பங்குனி, சித்திரை மாதங்களில் ஓரிரவு தங்கியவர்க்கோ, உறக்கம் தேடிப் பெறவேண்டியதொன்று என்பது நன்கு விளங்கும். அக்கரையில் வாழ்ந்த மக்கள் கோடை இரவுகளில் அதனை எவ்வாறு தேடினர் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முதற்கண் அந்நிலத்தின் இயல்பினை நோக்குவோம். கற்பிட்டித் தீபகற்பத்தின் ஒருபுறம் பெருங்கடல். மறுபுறம் புத்தளக் களப்பு. மார்கழி, தை மாதங்களில் வடகிழக்கிலிருந்து வாடை வீசும். வைகாசி தொடக்கம் தென்மேற்கிலிருந்து கச்சான் வீசும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட பங்குனி, சித்திரை மாதங்களிலே காற்று ஓய்ந்துவிடும். ஏப்பிரல் 10ஆம் நாளை ஒட்டி நண்பகற் கதிரவன் புத்தளத்திற்கு நேர் உச்சியில் நிற்கும். பகலில் வெப்பம் ஏறத்தாழ 33 பாகை செல்சியசை எட்டும். இரவிலும் 25 பாகை அளவிலேயே நிற்கும். நமக்கு உறக்கம் வருங்கால் உடலின் உள்வெப்பம் சிறிது தணிதல் வேண்டும். அது தணிய வியர்வை உலர வேண்டும். ஈரம் மிகுந்த கடற்கரையில் வியர்வை உலரக் காற்று அசைய வேண்டும். ஆகவே இக்கரையில் உறக்கத்தைத் தேடுதல் காற்றைத் தேடுதலேயாகும்.

இதிலொரு முரண்பாடும் உண்டு. கச்சான் வீசுங்காலத்தில் உறக்கம் இனிது. ஆயினும் கடல் கொந்தளிப்பதால் வலை வீசுதல் அரிது. பங்குனியிற் கடல் அடங்கிக் கிடக்கும்; கரைவலைத் தொழில் நடைபெறும்; உறக்கமோ அகன்றுவிடும். உப்பு வயல்களிற் பாடுபடுவோர்க்கும் இதே நிலைதான். உப்பை விளைவிக்கும் வெயிலே இரவின் அமைதியையும் கெடுக்கின்றது. வயிற்றுக்கு உகந்த காலம் கண்ணுக்கு ஒவ்வாத காலமாயிற்று.

பழந்தமிழர் இத்தொல்லையை அறியாதவரல்லர். சாளரத்திற்கு அவர் இட்ட பெயர்களுள் ஒன்று காலதர் என்பது. கால் என்பது காற்று. அதர் என்பது வழி. வெளிச்சத்தையோ காட்சியையோ கருதாது, காற்றின் வழியென்றே அதற்குப் பெயர் வைத்தனர். வேனிற் காலத்திற்கெனவும் குளிர் காலத்திற்கெனவும் தனித்தனிப் படுக்கையிடங்கள் இருந்தமையை, வேனிற்பள்ளி, கூதிர்ப்பள்ளி என்னும் பெயர்களால் சிலப்பதிகாரம் காட்டுகின்றது. இவை மாளிகைவாசிகள் பெற்ற வசதிகள். எளியோர்க்கு அமைந்த வேனிற்பள்ளி யாது?

1344ஆம் ஆண்டில் மாலைதீவிலிருந்து வந்து இக்கரையில் இறங்கிய இபின் பதூதா, ஆரியச் சக்கரவர்த்தியின் ஆளுகையிலிருந்த பத்தாலா என்னும் அழகிய சிற்றூரைக் குறிப்பிடுகின்றார். அது புத்தளமே என்பர். அவ்வூரைச் சூழ்ந்திருந்த மதிலும் கோபுரங்களும் மரத்தாலானவை என்று அவர் எழுதியுள்ளார். அரசன் ஊருக்கே மரம் அரணாயிற்று. குடிமக்களின் குடிசைக்கு ஓலை துணையாயிற்று. தென்னோலையை இரண்டாகப் பிளந்து, நீரில் ஊறவைத்துப் பின்னுவதே கிடுகு. கல்லைப் போலக் கிடுகு வெப்பத்தைச் சேமித்து வைப்பதில்லை. கதிரவன் மறைந்த சிறிது நேரத்தில் ஆறிவிடும். கிடுகு வேலி அயலார் பார்வையைத் தடுக்கும். காற்றை முற்றாகத் தடுக்காது. அதனாற் பெண்களும் குழந்தைகளும் வேலிக்குள் முற்றத்தில் பாய் விரித்து அச்சமின்றி உறங்க முடிந்தது. இதுவே எளியோரின் வேனிற்பள்ளி.

பின்னர் வந்த ஐரோப்பியர் கல்லினாற் கட்டினர். கற்பிட்டிக் கோட்டையை ஒல்லாந்தர் 1667ஆம் ஆண்டு தொடங்கி 1676ஆம் ஆண்டில் முடித்தனர். பருத்த கற்சுவர் பகலில் உட்புறத்தைக் குளிர்மையாக வைத்திருக்கும். ஆயின் பகலெல்லாம் உண்ட வெப்பத்தை இரவில் மெல்ல மெல்ல உமிழும். அதனை ஈடுசெய்ய உயர்ந்த கூரையும், எதிரெதிரான கதவுகளும், நிழல் தரும் விறாந்தையும் வேண்டியிருந்தன. யன்னல், விறாந்தை என்று நாம் இன்று வழங்குஞ் சொற்கள் போர்த்துக்கேயர் வழி வந்தவை.

ஆனால் யன்னல் இருந்தும் அதனைத் திறக்க அஞ்சிய காலமும் ஒன்றிருந்தது. மலேரியா என்னும் சொல்லுக்கு இத்தாலிய மொழியில் தீய காற்று என்பது பொருள். சதுப்பு நிலத்திலிருந்து எழும் இரவுக் காற்றே காய்ச்சலைத் தருகின்றதென்று ஐரோப்பியர் நெடுங்காலம் நம்பினர். உறக்கத்திற்கு உதவும் காற்றின் மீதே பழி விழுந்தது. 1897ஆம் ஆண்டில் செக்கந்தராபாத்தில் ரொனால்ட் ரொஸ் செய்த ஆராய்ச்சி, குற்றவாளி காற்றன்று, நுளம்பே என்பதற்கு வழிகாட்டியது. எனினும் அறிவு வந்தவுடன் நோய் அகலவில்லை. 1934, 1935ஆம் ஆண்டுகளில் இலங்கையிற் பரவிய மலேரியாக் கொள்ளைநோய் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டது. காற்றை நாடி வெளியிற் படுத்தவரை நுளம்பு நாடியது. பொச்சு மட்டைப் புகையை நாடியவர்க்கு மூச்சு முட்டியது. மலேரியா ஒழிந்த நாடென்று 2016ஆம் ஆண்டிலேயே உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்றளித்தது. டெங்குவைப் பரப்பும் நுளம்பு இன்னும் அகலாமையால் நுளம்புவலையை நாம் கைவிடுதற்கில்லை.

கிடுகினைப் புகழ்ந்தோம், கிடுகொன்றே போதுமா? 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் வடமாகாணத்து முஸ்லிம் மக்கள் 70,000க்கும் மேற்பட்டோர் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். அவர்களுட் பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்தில் அடைக்கலம் புகுந்து, முகாம்களிற் கிடுகுக் கொட்டில்களில் ஆண்டுக்கணக்காக வாழ்ந்தனர். கூரை அதே கிடுகுதான், ஆனால் கொட்டிலோடு கொட்டில் நெருங்கியிருந்தது, முற்றமில்லை, வேலிக்குள் தனக்கென ஓரிடமில்லை. காற்றின் வழிக்கு வெற்றிடம் வேண்டும். கதவைத் திறந்து வைத்து உறங்க மன அச்சமின்மையும் வேண்டும். இவை பறிக்கப்பட்டவர்க்கு ஓலை மட்டும் உறக்கத்தைத் தந்துவிடாது.

இன்று கரையெங்கும் சீமெந்துச் சுவர்களும், ஓட்டுக் கூரைகளும், அஸ்பெஸ்ரஸ் தகடுகளும் நிறைந்துள்ளன. மழைக்கும் தீக்கும் இவை கிடுகினும் உறுதியானவை என்பதில் ஐயமில்லை. ஈராண்டு மூவாண்டுக்கொருமுறை வேயும் செலவும் இல்லை. ஆயின் காற்றின் வழியை மறந்து கட்டினோம். மறந்ததை மின்விசிறி மறைத்தது. அம்மின்சாரத்திற்கும் இக்கரையே துணை செய்கின்றது. மாம்புரியில் 2010ஆம் ஆண்டு தொடக்கம் காற்றாலைகள் சுழல்கின்றன. நுரைச்சோலை அனல் மின்னிலையம் 2011ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கி, 2014ஆம் ஆண்டில் 900 மெகாவாற்று ஆற்றலுடன் நிறைவுற்றது. முன்பு வேலியினூடே வந்த கச்சான் காற்றின் ஒரு பகுதி இன்று கம்பியினூடே வருகின்றது.

கம்பியில் வருவது நின்றுபோதலும் கூடும். 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின்போது, எரிபொருள் வாங்க அந்நியச் செலாவணி இன்றி, மார்ச்சு மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டது. அதுவோ காற்று ஓய்ந்த பங்குனி மாதம்! மின்விசிறி நின்றபொழுது, வீட்டின் குறை வீட்டாருக்குப் புலனாயிற்று.

ஆகவே மீண்டும் ஓலைக் குடிசைக்குச் செல்க என்று கூறுவதற்கில்லை. சீமெந்து வீடு கட்டுவோர் ஒரு சாளரத்திற்கு எதிரே மற்றொரு சாளரம் வைக்கலாம்; நுளம்பு புகாதவாறு அவற்றிற்குக் கம்பிவலை இடலாம். கூரையின்கீழ் வெப்பம் வெளியேறத் துவாரம் விடலாம்; மேற்குப் புறத்தில் நிழல்மரம் ஒன்று நடலாம். காணி சிறிதாயினும் முற்றத்திற்கென்று சிறிதிடம் ஒதுக்கலாம். மின்விசிறி இருக்கும் நாளில் இவை அதற்குத் துணையாகும். இல்லாத நாளில் இவையே துணையாகும். பகல் முழுதும் வெயிலில் உழைத்தவர்க்கு இரவின் உறக்கம் உரிய கூலியின் ஒரு பகுதி. அதனை அவருக்கு மறுக்காத வீட்டையே நல்ல வீடென்று நாம் சொல்லவேண்டும்.