நினைவும் ஊன்றுகோலும்: கற்பிட்டி தந்த ஒரு பாடம்

மனித நினைவு என்றுமே தனித்து இயங்கியதில்லை. யாப்பும் ஏடும், பின்னர் அச்சும் அகரவரிசையும் அதற்கு ஊன்றுகோலாயின. எழுத்து நினைவாற்றலைக் குன்றச்செய்யும் என்ற ஐயம் பிளேற்றோவின் காலத்திலேயே எழுந்ததாகும். எனினும், ஊன்றுகோலை ஆக்கியவர் யார், எத்தேவை கருதி ஆக்கினார் என்னும் வினாக்களே இலக்கிய வரலாற்று மாணவர்க்கு முதன்மையானவை. புத்தளக் கரையோரத்தே, கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டியின் (1807-1860) பணிகளை இந்நோக்கில் ஆராய்தல் பயனுடைத்து.

கோல்புறூக் சீர்திருத்தங்களின்வழி இலங்கை முழுவதும் 1833 இல் ஒரே நிருவாக அமைப்பினுட் கொண்டுவரப்பட்டது. காசிச்செட்டியின் இலங்கைக் கசற்றியர் வெளிவந்தது 1834 இல். ஊரவர் நினைவில் ஊர்கள் உறவாலும் தொழிலாலும் பாதைகளாலும் பிணைந்திருந்தன. அகரவரிசையோ அப்பிணைப்புகளை அறுத்து, அவ்வூர்களை ஒருகாலும் மிதித்திராத உத்தியோகத்தரும் தேடியெடுக்கத்தக்க செய்திகளாக அவற்றை மாற்றிற்று. ஆக்கியவரின் உழைப்பு போற்றற்குரியது. அவ்வுழைப்பு குடியேற்ற நிருவாகத்தின் தேவையோடு இயைந்து நின்றமையும் மறைத்தற்கரியது.

1859 இல் யாழ்ப்பாணத்தில் அச்சான 'தமிழ் புளூட்டாக்' தமிழ்ப் புலவர் வரலாறுகளை ஆங்கிலத்தில் தொகுத்தது. கலித்தொகை 1887 இலும், பத்துப்பாட்டு 1889 இலும், புறநானூறு 1894 இலுமே அச்சேறின. எனவே, காசிச்செட்டிக்குக் கைகொடுத்தவை பெரும்பாலும் கிடைத்த ஏடுகளும் செவிவழிக் கதைகளுமே. அந்நூலில் வரலாறும் ஐதிகமும் விரவிக் கிடப்பதற்கான காரணத்தை ஆசிரியரின் அறிவுக் குறைபாட்டிற் காணல் தவறு. அக்காலத்து அறிவுச் சாதனங்களின் எல்லையிலேயே அதனைக் காணவேண்டும். இன்று நாம் அதனைப் புலவர்களின் வரலாறாகக் கொள்வதிலும், பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வியுலகம் புலவர்களை எவ்வாறு நினைவுகூர்ந்தது என்பதற்கான சான்றாகக் கொள்வதே பொருத்தமாகும்.

இன்னொன்றும் ஈண்டு மனங்கொளத்தக்கது. பெயரை முதன்மைப்படுத்தும் அகராதியில் பெயரற்றவர்க்கு இடமில்லை. வலை இழுத்தோரும் உப்பு வாரியோரும் கூடிப்பாடிய பாடல்களுக்கு ஆசிரியர் ஒருவர் இல்லை. ஆதலின் அவை இத்தகைய தொகுப்பினுட் புகவும் வழியில்லை. ஏட்டில் இல்லாதது நாளடைவில் இலக்கியமே அன்று என்று கருதப்படும் நிலை தோன்றிவிடுகின்றது. தனிமனித நினைவு தளர்வதினும் இது பாரதூரமான மறதியாகும்.

ஊன்றுகோலின்றி ஆய்வு நடவாது. நாமும் காசிச்செட்டியின் தொகுப்பைப் பற்றிக்கொண்டே நடக்கின்றோம். ஆனால், தொகுப்பு நமக்காகச் சிந்திக்க மாட்டாது. அதன் பக்கங்களைப் புரட்டுந்தோறும் விடுபட்டோர் யாவர் என வினவுதல் ஆய்வாளரின் கடமையாகும். கற்பிட்டிக் கரையிலே அவ்வினா இன்னும் முற்றாக விடை பெறவில்லை.